பெண் குழந்தைக்குக் கதிர் என்று பெயர் வைக்கலாமா? பொதுப்பெயர் தேடும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கதிர், முகில், பரிதி, பாரி, வெற்றி. இப்படி ஒரு பெயரைப் பெண் குழந்தைக்கு வைக்க ஆசைப்படும் பெற்றோருக்கு, ஆசை வந்த அன்றே தயக்கமும் வந்துவிடும். ஊரில் என்ன சொல்வார்கள்? பள்ளியில் கேலி செய்வார்களா? சான்றிதழில் குழப்பம் வருமா? பாட்டி சம்மதிப்பாரா? முதல் குழந்தைக்குப் பெயர் தேடும் அம்மா அப்பாக்களை மனதில் வைத்து, எதை முதலில் செய்யலாம், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பெயரில் ஆண், பெண் என்ற அடையாளம் பெரும்பாலும் பெயரின் வாலில்தான் இருக்கிறது. கதிர் என்ற சொல் யாருக்கும் பொது. கதிரவன், கதிரேசன் என்று வால் சேர்ந்தால் பையன், கதிரழகி என்றால் பெண். அந்த வாலை எடுத்துவிட்டு நடுவில் நிற்கும் சொல்லை உங்கள் மகளுக்குக் கொடுக்கிறீர்கள். இது புதுப் பழக்கமும் இல்லை, வெளியிலிருந்து வந்ததும் இல்லை.

முதலில், ஏன் என்று இரண்டு பேரும் பேசிவிடுங்கள்

பெயர்ப் பட்டியலைத் திறப்பதற்கு முன் இந்தப் பேச்சு முடிந்துவிட வேண்டும். பெண் பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்த வீடுகளில் போதும்பொண்ணு, வேண்டாம் என்றெல்லாம் பெயர் வைத்த வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. அப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது பையனாகப் பிறக்கும் என்று நம்பினார்கள். அந்தப் பெயரைச் சுமந்தபடி பள்ளிக்கும் வேலைக்கும் போன பெண்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பையன் பிறக்கவில்லையே என்ற ஏக்கத்தில் மகளுக்கு ஆண்பெயர் வைப்பதும் அதே வேரிலிருந்து வருவதுதான். பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஏக்கம் ஒருநாள் அவளுக்குத் தெரிந்துவிடும். "பையனா இருந்தா இந்தப் பேரைத்தான் வைக்கணும்னு இருந்தோம், பரவாயில்லன்னு இவளுக்கே வச்சிட்டோம்" என்று யாராவது அவள் காதுபட ஒருமுறை சொன்னால் போதும்.

இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வது நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே குழந்தை பிறக்கும் முன்பே பெயர் யோசிப்பவர்கள் இரண்டு பெயர்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும், அல்லது இரண்டுக்கும் பொருந்தும் ஒரே பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'யார் வந்தாலும் இந்தப் பெயர்தான்' என்று மருத்துவமனைக்குப் போகும் முன்பே முடிவு செய்ய உங்களால் முடிகிறதென்றால், உங்கள் ஆசை அந்தப் பெயரின் மேல்தான். அதற்குப் பிறகு தயங்க ஒன்றுமில்லை.

பெயரின் உடலைப் பாருங்கள்

தமிழில் 'அன்', 'ஆன்' என்று முடிவது ஆண்பால். இது வெறும் வழக்கம் என்பதைத் தாண்டி இலக்கணமாகவே இருக்கிறது. அதனால் இனியன், முகிலன், செழியன், கபிலன் போன்ற பெயர்களைப் பெண்ணுக்கு வைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். "கபிலன் வந்தாள்" என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எழுவாயும் வினையும் மோதும். கேட்பவர்கள் காதில் இடறும், அவள் காதிலும் இடறும். "முகில் வந்தாள்", "பரிதி வந்தாள்" என்று சொல்லிப் பாருங்கள், எந்த இடறலும் இல்லை. நம் மொழியில் வினைமுற்றே பால் காட்டிவிடுகிறது. பெயர் அந்த வேலையைச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை.

'அன்' விகுதி இல்லாத ஆண்பெயர்கள் எங்கே கிடைக்கும் என்று தேடுபவர்களுக்குச் சங்க காலம் பெரிய புதையல். அந்தக் காலத்துத் தலைவர்கள், அரசர்கள் பெயர்களில் பல இகரத்தில் முடிகின்றன. பாரி, காரி, ஓரி, நள்ளி நால்வரும் கடையெழு வள்ளல்களில் வருகிறவர்கள். வழுதி பாண்டியர்களின் பெயர், கிள்ளி சோழர்களுடையது. இன்றைய காதுக்கு இகர முடிவு பெண்பெயர் போலவே ஒலிக்கிறது. எழினியை எடுத்துக்கொள்ளுங்கள். தகடூரை ஆண்ட அதியமான் மரபில் வரும் ஆண்பெயர் அது. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பெயர் பொகுட்டெழினி. இன்று எழினி என்றால் யாரும் ஒரு வீரனை நினைப்பதில்லை, பாவாடை சட்டை போட்ட ஒரு சிறுமியைத்தான் நினைக்கிறார்கள். ஒரு பெயர் ஆண் பக்கத்திலிருந்து பெண் பக்கத்துக்கு எப்படி வந்து சேரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. கோதை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆண்டாள். ஆனால் சேர மன்னர்களுக்கும் கோதை என்று பெயர் இருந்தது. சேரமான் கோக்கோதை மார்பனைப் பற்றிப் புறநானூற்றில் பாடல்களே இருக்கின்றன. மாலை என்று பொருள்படும் ஒரே சொல் அங்கே அரசனுக்கும் இங்கே ஆழ்வாருக்கும் பெயரானது. சங்கப் புலவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணும்போது அறிஞர்கள் வேறு வேறு எண்ணிக்கை சொல்வதற்கும் இதுவே ஒரு காரணம். பல பெயர்களைப் பார்த்து மட்டும் ஆணா பெண்ணா என்று முடிவு செய்ய முடிவதில்லை.

உங்கள் வீட்டிலேயே தேடுங்கள்

அடுத்த வேலைக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகள், அவர்களுடைய அம்மா அப்பா, பெரியம்மா, சித்தப்பா, ஊரில் தெரிந்த பழைய ஆட்கள் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். அதில் 'அம்' என்று முடியும் பெயர்களை வட்டமிடுங்கள். தங்கம், ராஜம், ரத்தினம், மாணிக்கம், ஞானம், செல்லம். இவற்றில் பாதிக்கு மேல் இருபாலுக்கும் வழங்கியவை. நாவலாசிரியர் ராஜம் கிருஷ்ணன் பெண். ஓவியரும் இசைக் கலைஞருமான எஸ். ராஜம் ஆண். பழந்தமிழ் நூல்களை மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்த மர்ரே எஸ். ராஜமும் ஆண்தான்.

இன்னும் அழுத்தமான உதாரணம் இராமாமிர்தம். எழுத்தாளர் லா.ச. ராமாமிர்தத்தை வாசித்தவர்களுக்கு அது ஆண்பெயர். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1883இல் பிறந்தவர், லா.ச.ரா.வுக்கு ஒரு தலைமுறைக்கு மேல் மூத்தவர். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியபோது அவர் பெயரைத்தான் தாங்கி வந்தது. பெண்களுக்கான திட்டத்தின் பெயரே ஒரு பொதுப்பெயர்.

தென் மாவட்டத்துக்காரர்களுக்குக் குலதெய்வப் பெயர்கள் இருக்கின்றன. இசக்கி என்ற பெயரில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. மாரி, காளி, முத்து, பேச்சி எல்லாம் தனியாக நின்றால் பொது. 'முத்து', 'அம்மாள்', 'அப்பன்' என்று பின்னால் வருவதுதான் பிரித்துக் காட்டும். கிறிஸ்தவ வீடுகளில் அருள், ஞானம், ஆரோக்கியம், மாசிலாமணி இருக்கின்றன. முஸ்லிம் வீடுகளில் நூர், நசீம், ஷமீம். அப்புறம் எல்லா வீட்டுக்கும் பொதுவாக மணி, ஜோதி, சத்யா, ஜீவா, பாரதி. பாரதி என்பது கலைமகளின் பெயர். எட்டயபுரத்தில் ஒரு சிறுவனுக்கு அது பட்டமாகக் கிடைத்து, மீசையும் முண்டாசுமாக நம் மனதில் பதிந்துவிட்டது. ஆனாலும் மகளுக்குப் பாரதி என்று வைக்கும்போது இன்றுவரை யாரும் புருவம் உயர்த்துவதில்லை.

இந்தப் பட்டியலை எழுதி முடித்ததும் உங்களிடம் இரண்டு பொருட்கள் கையில் இருக்கும். ஒன்று, நேரடியாகவே வைக்கக்கூடிய சில பெயர்கள். இன்னொன்று, பின்னால் பாட்டியிடம் பேசும்போது காட்ட வேண்டிய ஆதாரம்.

இக்காலப் பெயர்களில் என் விருப்பங்கள்

தூய தமிழில் தேடுபவர்களுக்கு எழில், சுடர், தமிழ், இசை, அன்பு, கவின், மகிழ், அமுது, புகழ், அறிவு, வெற்றி, முகில், கதிர், பரிதி என்று நீளமான வரிசை உண்டு. எழில், சுடர், தமிழ், இசை நான்கும் இருபாலுக்கும் ஏற்கெனவே நன்றாகப் பழகிவிட்டன. முதல் முறை இப்படிப் பெயர் தேடுபவர்கள், வீட்டில் எதிர்ப்பு அதிகம் என்றால், இவற்றில் ஒன்றோடு போவது எளிது. கவின் என்றால் அழகு. பொருளைப் பார்த்தால் அது ஆணுக்கு மட்டும் என்று ஒதுங்கியதற்குக் காரணமே இல்லை. கதிர், முகில், பரிதி மூன்றும் இன்னும் ஆண்பெயராகவே கேட்கப்படுகின்றன. அதனால்தான் எனக்கு இவற்றின் மேல் அதிகப் பிரியம். வானத்துக்கு உரிய சொற்கள் எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும்.

அக்கம்பக்கத்து மாநிலங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சில பெயர்கள் எல்லை தாண்டினால் பால் மாறும். ஆர்யா தமிழில் நடிகரின் பெயர், கேரளத்தில் 2020இல் திருவனந்தபுரம் மேயரான பெண்ணின் பெயர். சுமன் இங்கே ஆண், வடக்கே பெரும்பாலும் பெண். ரஜினி என்றால் தமிழ்நாட்டில் ஒரே ஒருவர்தான். யாழ்ப்பாணத்திலோ ரஜனி பெண்பெயர், மனித உரிமைக்காகக் குரல் கொடுத்து 1989இல் கொல்லப்பட்ட மருத்துவர் ரஜனி திராணகமவை அங்கே மறக்கவில்லை. கிரண் எல்லா இடத்திலும் பொது. கிரண் பேடியும் கிரண் மோரேயும் ஒரே காலத்தில் செய்தித்தாளில் இருந்தார்கள், யாரும் குழம்பவில்லை. சீக்கியர்களிடம் முதற்பெயர் பெரும்பாலும் இருபாலுக்கும் பொதுவே. இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய ஹர்மன்பிரீத்தும் ஆண்கள் ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கிய ஹர்மன்பிரீத்தும் வேறு வேறு ஆட்கள். பின்னால் வரும் கவுர், சிங் என்பதை வைத்துத்தான் பிரித்தறிகிறோம்.

கூப்பிட்டுப் பாருங்கள், திட்டிப் பாருங்கள்

மூன்று நான்கு பெயர்கள் தேறியதும் அவற்றை வாயில் போட்டுப் பழக வேண்டும். ஒரு பெயரைத் தாளில் பார்ப்பது வேறு, மொட்டை மாடியிலிருந்து கூப்பிடுவது வேறு. ஒரு வாரம் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லியே பேசுங்கள். "முகிலு, சாப்பிட வா." "பரிதி, செருப்பை எங்கே விட்டே?" "எங்க கதிருக்குக் காய்ச்சல், இன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல." கொஞ்சலில் பெயர் எப்படிக் குறுகும் என்பதையும் பாருங்கள். பரிதி பரி ஆகும், எழில் எழிலு ஆகும், வழுதி என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பொருள் உள்ள சொல்லே பெயராகும்போது அன்றாட வாக்கியங்களோடு அது சிக்கிக்கொள்ளும். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிவு என்று பெயர் வைத்தால் "அறிவு இருக்கா?" என்ற கேள்வி வகுப்பில் ஒருநாளும் ஓயாது. வெற்றி என்ற பிள்ளை பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால் கேட்க வேண்டாம். கிள்ளி கம்பீரமான சோழர் பெயர், ஆனால் பக்கத்து இருக்கைப் பிள்ளை கிள்ளிவிட்டு ஓடும். ஓரிக்கு நரி என்ற பொருளும் அகராதியில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு பெயரையும் ஒரு தமிழ் அகராதியில் பார்த்துவிடுங்கள், கூடவே பத்து வயதுப் பிள்ளை ஒன்றிடம் சொல்லி, "இந்தப் பேரை வச்சு எப்படிக் கேலி பண்ணுவாங்க?" என்று கேளுங்கள். பெரியவர்களுக்குத் தோன்றாததெல்லாம் பிள்ளைகளுக்குத் தோன்றும். கேலிக்கு இடமே இல்லாத பெயர் கிடைக்காது. பெயர் ஆண்பெயராக இருப்பதால் வரும் கேலி பெரும்பாலும் புதுப் பள்ளியின் ஆரம்ப நாட்களோடு அடங்கிவிடும். பொருளை வைத்து வரும் கேலி வருடக்கணக்கில் நிற்கும். இரண்டில் எதைத் தவிர்க்க வேண்டும் என்பது தெளிவு.

வீட்டில் அண்ணனோ அக்காவோ இருந்தால் அவர்கள் பெயரோடும் சேர்த்துக் கூப்பிட்டுப் பாருங்கள். அண்ணன் கதிரவன், தங்கை கதிர் என்றால் தங்கைக்கு மிச்சம் கிடைத்தது போல ஆகிவிடும்.

இரட்டைப் பெயரா, ஒற்றைப் பெயரா?

முகில்மதி, கதிர்நிலா, தமிழ்ச்செல்வி, வெற்றிச்செல்வி என்று பின்னால் ஒரு பெண்பால் சொல்லைச் சேர்த்துச் சான்றிதழில் எழுதிவிட்டு, வீட்டில் முகில், கதிர் என்று கூப்பிடுவது ஒரு நடுவழி. வீட்டில் சண்டை பெரிதாகும் என்றால் இதை ஏற்றுக்கொள்வதில் தவறில்லை. பிள்ளை வளர்ந்ததும் எந்தப் பாதியைப் பயன்படுத்துவது என்று அவளே முடிவு செய்யவும் இது இடம் தரும். ஆனால் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்தது கதிர் என்ற ஒற்றைச் சொல்தான் என்றால் சான்றிதழிலும் அதையே எழுதுங்கள் என்பேன். பயந்து சேர்த்த வால் கடைசியில் அவள் வங்கிக் கணக்கிலும் கல்லூரிப் பட்டத்திலும்தான் வாழும். நீங்கள் ஆசைப்பட்ட பெயர் வீட்டு வாசலோடு நின்றுவிடும்.

முன்னெழுத்து: பலரும் யோசிக்காத இடம்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். மு. கதிர் என்று பள்ளியில் எழுதுவதில் ஒரு சிக்கலும் இல்லை. பாஸ்போர்ட் எடுக்கும்போது முன்னெழுத்தை விரித்து எழுத வேண்டும். அப்பா பெயர் முருகன் என்றால் மகள் கதிர் முருகன் ஆகிவிடுவாள். வெளிநாட்டிலோ வெளிமாநிலத்திலோ மட்டுமில்லை, இங்கேயே அந்தப் பெயரைத் தாளில் பார்ப்பவர் ஒரு ஆணைத்தான் எதிர்பார்ப்பார். பொதுப்பெயரும் அப்பா பெயரும் சேரும்போது முழுப்பெயர் ஆண்பெயராகிவிடுகிறது. எழினி முருகன் என்றாலோ கோதை முருகன் என்றாலோ இந்த அளவுக்கு இருக்காது.

இதற்கு ஒரு அழகான தீர்வு இருக்கிறது: அம்மாவின் பெயரை முன்னெழுத்தாக வைப்பது. தமிழ்நாட்டில் இதற்கு அரசாணையே உண்டு. அம்மா பெயர் வள்ளி என்றால் வ. கதிர், விரித்தால் கதிர் வள்ளி. அம்மா, அப்பா இருவர் எழுத்தையும் சேர்த்து வ.மு. கதிர் என்றும் வைக்கலாம். எதுவாக இருந்தாலும் குழந்தையின் பெயரைத் தேர்ந்தெடுக்கும் அன்றே முழுப்பெயரையும் விரித்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவள் வளர்ந்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த முழுப்பெயர்தான் அவளுக்கு முன்னால் போய் நிற்கும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அதே தாளில் முடித்துவிடுங்கள். மகிழ், எழில், யாழ் போன்ற பெயர்களில் ழகரத்துக்கு 'இசட், எச்' போடுவதா வேறு எழுத்தா, கதிரில் நடுவில் 'டி, எச்' வருமா 'டி' மட்டுமா என்பதில் கணவனும் மனைவியும் ஒரே முடிவில் இருக்க வேண்டும். ஒரு சான்றிதழில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் பின்னால் அலைய வேண்டிவரும்.

பதிவு செய்வது

குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றாலும் பரவாயில்லை, பெயர் இல்லாமலே பதியலாம். அதன்பின் ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஓராண்டு தாண்டினால் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். எனவே மருத்துவமனையில் யாராவது படிவத்தை நீட்டி "பேரு சொல்லுங்க" என்று அவசரப்படுத்தினால் பதறி ஏதோ ஒன்றைச் சொல்லிவிடாதீர்கள். ஒருமுறை பதிந்த பெயரை மாற்றுவது பெயரைச் சேர்ப்பது போல எளிதில்லை.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழின் எடை கூடியிருக்கிறது. பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார், பாஸ்போர்ட் போன்றவற்றுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அதுவே சான்று. சான்றிதழ் கைக்கு வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள்: தமிழில் பெயர், ஆங்கிலத்தில் பெயர், பால். மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம். கதிர் என்று படித்ததும் தட்டச்சு செய்பவரின் கை பழக்கத்தில் 'ஆண்' என்று போட்டுவிடலாம். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைக் கவனிக்காமல் ஆதாருக்குப் போனால் பிழை அங்கேயும் ஏறிவிடும், ஆதாரில் பால் விவரத்தை ஒரே ஒரு முறைதான் திருத்த முடியும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

அந்தந்த நாட்டு விதியைப் பெயர் முடிவு செய்யும் முன்பே பார்த்துவிடுங்கள். ஜெர்மனியில் பெயரைப் பார்த்தாலே பால் தெரிய வேண்டும் என்று பதிவாளர்கள் நீண்ட காலம் வலியுறுத்தினார்கள். இந்திய வம்சாவளிக் குடும்பம் ஒன்று மகளுக்குக் கிரண் என்று பெயர் வைத்தபோது, பெண் என்று காட்டும் இரண்டாவது பெயர் ஒன்றையும் சேர்க்கச் சொன்னார்கள். வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய், 2008 டிசம்பரில் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. இன்று அங்கே முகில் என்றோ பரிதி என்றோ வைக்க நினைக்கும் ஈழத்துக் குடும்பங்களுக்கு அந்தத் தீர்ப்பு துணை நிற்கிறது. டென்மார்க்கில் ஆண், பெண், பொது என்று அங்கீகரித்த பெயர்களின் பட்டியலே உண்டு. பட்டியலில் இல்லாத பெயர் என்றால் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், அதற்கான நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

பெரியவர்களிடம் பேசும் விதம்

பெயர் சூட்டும் நாளன்று காதில் சொல்லும்போதுதான் பாட்டிக்குத் தெரியவேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அது அவரை ஒதுக்குவது போல ஆகும். முன்பே, அவர் ஓய்வாக இருக்கும் நேரத்தில், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.

"அத்தை, உங்க பாட்டி பேரு என்ன சொன்னீங்க?"

"தங்கம்."

"அந்தத் தெருமுனை டீக்கடைத் தாத்தா?"

"அவரும் தங்கம்தான். ஏன் கேக்குறே?"

அங்கிருந்து பேச்சைத் தொடங்கினால் பாதி தூரம் கடந்தாயிற்று. பொதுப்பெயர் என்பது அவருடைய ஊரில், அவருடைய காலத்தில் இருந்ததுதான் என்று அவரே நினைவுபடுத்திக்கொள்வார். சில வீடுகளில் இதுவும் போதாது. "கல்யாணத்துக்கு ஜாதகம் அனுப்பும்போது பையன் ஜாதகம்னு நினைச்சுக்குவாங்க" என்பார்கள். 'செல்வி' என்ற அடைமொழி அதற்குத்தான் இருக்கிறது, செல்வி கதிர் என்று போட்டால் முடிந்தது. நட்சத்திர எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்று கேட்டால் அதற்கு இணங்கிப் போங்கள். முதலெழுத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு மீதியை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். தொட்டிலில் போடும்போது சொல்ல ஒரு தெய்வப் பெயரைப் பாட்டியே வைக்கட்டும், சான்றிதழில் நீங்கள் தேர்ந்தெடுத்தது இருக்கட்டும். இந்த ஏற்பாடு பல வீடுகளில் காலங்காலமாக இருப்பதுதான்.

வாதமாக மட்டும் ஆக்காதீர்கள். பெயரை வைத்து வீட்டில் வந்த சண்டை பிள்ளை காதுக்கு ஒருநாள் கதையாகப் போகும்.

பெயர் வைத்த பிறகு

பள்ளியில் சேர்க்கும் நாளன்று வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வருகைப் பதிவேட்டில் மாணவர், மாணவியர் பெயர்களைத் தனித்தனியாக எழுதும் பள்ளிகளில் கதிர் பையன்கள் பட்டியலில் போய்ச் சேர்வது சாதாரணமாக நடக்கும். விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதும் அப்படியே. ரயில் முன்பதிவை முகவரிடம் கொடுத்தால் பால் என்ற கட்டத்தில் என்ன போட்டார் என்று டிக்கெட்டை வாங்கும்போதே பாருங்கள். அரசுத் தேர்வுகளில் பெண்களுக்கான இடஒதுக்கீடு இருப்பதால் அங்கே இந்தக் கட்டம் தவறினால் இழப்பு பெரிது. அவள் தானே விண்ணப்பம் நிரப்பும் வயதுக்கு வந்ததும் இந்தப் பழக்கத்தை அவளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

"உன் பேரு பையன் பேருல்ல?" என்று முதல் முறை யாராவது கேட்டுவிட்டு அவள் வீட்டுக்கு வந்து உங்களைப் பார்க்கும்போது, சொல்ல ஒரு பதில் தயாராக இருக்கட்டும். நீளமான விளக்கம் வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு "கதிர்னா சூரியன்கிட்டருந்து வர்ற வெளிச்சம், அது எல்லாருக்கும்தானே" என்றால் போதும். எழினி என்றால் தகடூர்க் கதையைச் சொல்லுங்கள், பாரி என்றால் முல்லைக்குத் தேர் கொடுத்ததைச் சொல்லுங்கள். பத்து வயதில் அவளே அடுத்தவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

எல்லாம் செய்த பிறகும் வளர்ந்ததும் அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டாமல் போகலாம். எந்தப் பெயருக்கும் இது நடக்கும், அபிராமிக்கும் நடக்கும். 18 வயதுக்குப் பிறகு அரசிதழில் அறிவிப்புக் கொடுத்து அவளே பெயரை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அப்படி அவள் கேட்டால், ஏன் என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு, விண்ணப்பத்துக்கு வேண்டிய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு அவளோடு கூடப் போங்கள்.